வலியில்லாத வியாதி

பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்களுக்குத் தம் தேகத்தைப் பற்றி நினைக்க அவகாசமில்லை என்பது நம் நாட்டில் ஒரு குறையாகக் கருதப்படுவதில்லை. பெருமையாகவே பேசப்பட்டு வருகிறது. இரவு இரண்டு மணிக்குக் கூட்டத்தை முடித்துவிட்டு, காப்பியும் வடையுமே ஆகாரமாக, விடியுமுன் அடுத்த ஊருக்குப் பஸ் ஏறுகிறவரே உண்மையான ஊழியர் என்று ஜனங்கள் மெச்சுகிறார்கள். அவர் ஐம்பத்திரண்டாம் வயதில் மேடையிலேயே சரிந்து விழுந்தால், கடைசி மூச்சு வரையில் உழைத்த உத்தமர் என்று நாமும் நமது பத்திரிகையில் கட்டம் போட்டு எழுதுகிறோம். இம்மாதிரியான இரங்கற் குறிப்புகளை எத்தனையோ முறை நம் கையாலேயே எழுதியிருக்கிறோம். அந்த மனிதர் கடைசியாக எப்போது தம் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டார் என்ற கேள்வியை அவற்றில் ஒன்றிலேனும் நாம் எழுப்பியதில்லை.

அக்கேள்வியை எழுப்பும்படி நேர்ந்தது சமீபத்தில்தான். நமது காரியாலயத்தில் நெடுங்காலமாகப் புரூப் பார்த்து வந்த நண்பர் ஒருவர், ஒரு நாள் காலை எழுதிக்கொண்டிருக்கையிலே பேனாவைக் கீழே போட்டார். எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். ஆஸ்பத்திரியில் அளந்தபோது ரத்த அழுத்தம் 210-க்கு 120 என்றார்கள். இந்த மனிதர் ஒரு நாளாவது தலை வலிக்கிறது என்று லீவு கேட்டவரல்லர். புகை பிடியாதவர், மதுவைத் தொடாதவர், கனத்த சரீரமும் அல்லர். அவர் மனைவியாரை விசாரித்தபோது, பத்து வருஷத்துக்கு முன் இன்ஷியூரன்ஸ் பாலிசி எடுக்கச் சென்ற சமயம், சற்று அதிகமாக இருக்கிறதே என்று டாக்டர் சொன்னதுண்டு என்றார். பாலிசி கிடைத்துவிட்டது, அத்துடன் விஷயமும் முடிந்துவிட்டது. நண்பர் பிழைத்துக்கொண்டார். ஆனால் முப்பது வருஷம் பிறர் பிழைகளைத் திருத்திய அவரது வலது கை இன்று மடியிலேயே கிடக்கிறது.

நாம் வைத்தியரல்லோம். வக்கீல் தொழிலில் பழகிப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவர்கள். ஆயினும் சாட்சியங்களைச் சேகரித்துத் தூக்கிப் பார்ப்பது நமக்குப் பழக்கமான வேலையாகையால், இவ்விஷயத்தில் உள்ள சாட்சியங்களைத் தேடிப் படித்தோம். படித்ததில் நமக்கு நிச்சயமென்று தோன்றியதை நேயர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருதயம் ஒரு பம்பு. அது சுருங்கும்போது ரத்தக் குழாய்களின் சுவரில் ஏற்படும் அழுத்தம் மேல் எண். அது விரியும்போது எஞ்சியிருக்கும் அழுத்தம் கீழ் எண். 120-க்கு 80-ஐ ஒட்டி இருப்பது நலம். ஓய்வாக இருக்கும்போதும், வெவ்வேறு நாட்களில் பார்த்தும், 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்துகொண்டே வருமானால் வைத்தியர்கள் அதை வியாதி என்கிறார்கள். இந்த அதிக அழுத்தம் வருஷக்கணக்கில் குழாய்களை இடித்துக்கொண்டே இருக்கிறது. மூளையில் உள்ள நுண்ணிய குழாய் ஒரு நாள் வெடிக்கிறது, அல்லது அடைத்துக்கொள்கிறது. இருதயத்தின் சதை தடித்துக் களைத்துப் போகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் ஒவ்வொன்றாகக் கெடுகின்றன. கண்ணின் பின்திரையில் ரத்தம் கசிகிறது. இவ்வளவும் நடந்துகொண்டிருக்கையில் அந்த மனிதருக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரிவதில்லை. வலி என்பது தேகம் அனுப்பும் மனு என்று வைத்துக்கொண்டால், இந்த வியாதி மனுச் செய்யாமலே நேராக ஜப்திக்கு வந்துவிடுகிறது.

இதைக் கண்டறியும் கருவியோ மிக எளியது. கையில் கட்டும் காற்றுப் பட்டையை இத்தாலிய வைத்தியர் ரிவா-ரோச்சி 1896-ம் வருஷத்தில் அமைத்தார். பட்டையைத் தளர்த்தும்போது முழங்கை மடிப்பில் குழாய் வைத்துக் கேட்கும் ஓசையைக் கொண்டு இரண்டு எண்களையும் அறியும் முறையை ரஷ்ய வைத்தியர் கொரொட்கோவ் 1905-ல் வெளியிட்டார். அம்முறை இன்றும் மாறவில்லை. ஐந்து நிமிஷ வேலை. ஊசி இல்லை, கத்தி இல்லை. அந்நாளில் இந்த எண்களின் பொருளை வைத்தியர்களைவிட விரைவில் உணர்ந்தவர்கள் அமெரிக்க ஆயுள் இன்ஷியூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் என்பது ஒரு வேடிக்கை. எண் ஏற ஏற ஆயுள் குறைகிறது என்பது அவர்களது கணக்குப் புத்தகத்தில் இருபதாம் நூற்றாண்டின் முதல் காற்பகுதியிலேயே தெரிந்துவிட்டது. வைத்திய உலகமோ, வயது ஏறினால் அழுத்தமும் ஏறத்தான் செய்யும், அது இயற்கை என்றே வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தது. பணம் போட்டவனுக்குக் கண் கூர்மை அதிகம்!

அந்தக் காலத்து அலட்சியம் எதில் கொண்டுபோய் விட்டது என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் ரத்த அழுத்தம் 1935-ல் 136-க்கு 78. 1937-ல் 162-க்கு 98. 1941 பிப்ரவரியில் 188-க்கு 105. இவ்வெண்கள் காகிதத்தில் ஏறின. ஆனால் ஒருவரும் அவற்றைக் கொண்டு ஒன்றும் செய்யவில்லை. அவரது சொந்த வைத்தியர் மூக்கு, தொண்டை நிபுணர். 1944 மார்ச்சு மாதம், ஜனாதிபதி மூச்சு வாங்கித் தளர்ந்திருப்பதைக் கண்டு குடும்பத்தார் கவலைப்பட்ட பிறகே, ஹோவர்ட் புரூயென் என்ற இளம் இருதய வைத்தியர் அழைக்கப்பட்டார். அவர் பார்த்தபோது 186-க்கு 108. இருதயம் பெருத்து, பலவீனப்பட்டிருந்தது. ஓய்வும், உப்புக் குறைந்த ஆகாரமும், சிகரெட்டைக் குறைப்பதும், இருதயத்துக்கு டிஜிடாலிஸ் மருந்தும் என்பதற்கு மேல் அன்றைய வைத்திய சாஸ்திரத்தில் அவருக்குக் கொடுக்க அதிகம் ஒன்றும் இல்லை. ஜனங்களுக்கோ, ஜனாதிபதி வயதுக்கேற்ற நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறார் என்றே அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அவர் நான்காம் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1945 பிப்ரவரியில் யால்டாவில் சர்ச்சிலுடனும் ஸ்டாலினுடனும் உட்கார்ந்து உலகத்தின் எல்லைகளைப் பேசினார். ஏப்ரல் 12-ந் தேதி மூளையில் ரத்தம் பெருகி, அறுபத்து மூன்றாம் வயதில் இறந்தார். அன்று புரூயென் அளந்த அழுத்தம் 300-க்கு 190. உபஜனாதிபதியாயிருந்து அப்பதவிக்கு வந்த ட்ரூமனுக்கு, அணுகுண்டு ஒன்று தயாராகி வருவதன் முழு விவரமும் அதுவரையில் தெரியாது. ஒரு மனிதரின் மூளையிலிருந்த மெல்லிய குழாயில் எவ்வளவு பாரம் தொங்கிக்கொண்டிருந்தது பாருங்கள்.

இந்தச் சரித்திரத்தில் நம் கவனத்துக்குரியது, அவரைப் பரீக்ஷை செய்யாமலிருந்தார்கள் என்பதன்று. செய்தார்கள்; எழுதி வைத்தார்கள்; அப்படியே விட்டுவிட்டார்கள். நமது புரூப் நண்பருக்கு நேர்ந்ததும் அதுவேதான். எண்ணைக் கண்டுபிடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதில் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

ரூஸ்வெல்ட்டின் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் நம் நாட்டிலும் ஒருவரது அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. மகாத்மா காந்தியின் தேகநிலையைப் பற்றிய பழைய பதிவுகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2019-ம் வருஷத்தில் வெளியிட்டது. அதன்படி 1937-ம் வருஷம் அக்டோபர் 26-ந் தேதி அவரது அழுத்தம் 194-க்கு 130. 1940-ம் வருஷம் பிப்ரவரி 19-ந் தேதி 220-க்கு 110. காந்தியடிகளைவிட மிதமாக உண்டவர் யார்? அவரைவிட அதிகமாக நடந்தவர் யார்? நாற்பத்தேழு கிலோகூட இல்லாத அந்தத் தேகத்தில் இந்த அழுத்தம் இருந்தது. ஆகவே, நான் சைவம், நான் தினமும் நடக்கிறேன், எனக்கு இது வராது என்று மார்தட்டும் நண்பர்கள் சற்று நிதானிப்பது நல்லது. காந்தியடிகள் மார்தட்டவில்லை. அளந்துகொண்டார், அளந்ததை டாக்டர் சுசீலா நய்யாருக்குக் கடிதத்தில் தெரிவித்தார், சர்ப்பகந்தா என்ற மூலிகையை அருந்தினார்.

அந்த மூலிகையின் கதையை இங்கே சிறிது சொல்லியாக வேண்டும். ஏனெனில் அதில்தான் மனிதகுலத்தின் அதிர்ஷ்டம் திரும்பியது. சர்ப்பகந்தா நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாக உபயோகித்து வந்த வேர். பம்பாயைச் சேர்ந்த டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் அதை ரத்த அழுத்த நோயாளிகளுக்குக் கொடுத்து, கண்ட பலனை 1949-ம் வருஷம் பிரிட்டிஷ் இருதய வைத்தியப் பத்திரிகையில் முறைப்படி வெளியிட்டார். அதைப் படித்த மேல்நாட்டார் விழித்துக்கொண்டனர். 1952-ல் ஸ்விட்சர்லாந்து ரசாயனிகள் அவ்வேரிலிருந்து ரெஸர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து முதன்முதலாகப் பெருவாரியான ஜனங்களுக்கு எட்டியது.

மருந்து அழுத்தத்தைக் குறைக்கிறது, சரி, உயிரைக் காக்கிறதா? இந்தக் கேள்விக்கு எட்வர்ட் பிரீஸ் என்ற அமெரிக்க வைத்தியர் 1967-ல் பதில் சொன்னார். கீழ் எண் 115-க்கு மேல் 129-க்குள் இருந்த 143 முன்னாள் போர்வீரர்களை அவர் குழுவினர் சீட்டுக் குலுக்கியதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். 73 பேருக்கு மருந்து. அதில் ரெஸர்பினும் ஒன்று. 70 பேருக்கு மருந்தைப் போன்ற வெற்று மாத்திரை. சுமார் ஒன்றரை வருஷத்திற்குள் வெற்று மாத்திரை உண்டவர்களில் 27 பேருக்குக் கடுமையான ஆபத்துக்கள் நேர்ந்தன. அவர்களில் நால்வர் இறந்தனர். மருந்து உண்டவர்களில் அவ்வாறு ஆபத்து நேர்ந்தது இருவருக்கு, இறந்தவர் ஒருவருமில்லை. நாம் எத்தனையோ வழக்குகளில் சாட்சியம் பார்த்திருக்கிறோம்; இவ்வளவு தெளிவான சாட்சியத்தை அபூர்வமாகவே கண்டிருக்கிறோம்.

இதற்கிடையில் வேறொரு காரியமும் நடந்து வந்தது. ரூஸ்வெல்ட் இறந்து மூன்று வருஷங்களுக்குப் பின், 1948 ஜூன் மாதத்தில், இருதய நோய் ஆராய்ச்சிக்கென்று அமெரிக்கா சட்டம் செய்தது. அவ்வருஷமே பாஸ்டனுக்கு அருகிலுள்ள பிராமிங்காம் என்ற சிற்றூரில் 5,209 ஆண்களையும் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, இரண்டு வருஷத்துக்கொருமுறை அவர்களைத் தலையிலிருந்து கால்வரை பரிசோதிக்கத் தொடங்கினார்கள். இவர்கள் நோயாளிகளல்லர்; கடைக்காரர்கள், தொழிலாளிகள், குடும்பப் பெண்கள். வலி ஒன்றும் இல்லாமலே, அழைத்த தேதிக்கு வந்து கையை நீட்டினார்கள். அவ்வாறு வருஷக்கணக்கில் வந்ததனால்தான், அதிக அழுத்தமும், ரத்தத்தில் மிகுந்த கொழுப்பும், சிகரெட்டும் இருதயத்தையும் மூளையையும் எப்படி அழிக்கின்றன என்பது உலகத்துக்குத் தெரிந்தது. 1971 முதல் அவர்களுடைய பிள்ளைகளும் வந்தார்கள். இன்று எந்த நாட்டு டாக்டரும் நோய் வருமுன் எச்சரிக்கும்போது, அவர் அறிந்தோ அறியாமலோ, அந்தச் சிற்றூராரின் கையைப் பிடித்துத்தான் பேசுகிறார். தேச ஊழியம் என்பது கொடி பிடிப்பதில் மட்டும் இல்லையென்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி நமக்குத் தெரியவில்லை.

நம் மாகாணத்தின் நிலை என்ன? 2020-ல் தமிழ்நாட்டில் 18 முதல் 69 வயது வரையுள்ளவர்களிடம் நடந்த கணக்கெடுப்பில், நூறு பேரில் சுமார் 34 பேருக்கு ரத்த அழுத்தம் அதிகமாயிருந்தது. சர்க்கரை வியாதி நூற்றுக்குப் பதினேழு பேர் சொச்சம். இந்த எண்களைவிட நம்மைத் திடுக்கிடச் செய்தது அடுத்த எண். அழுத்தம் அதிகமானவர்கள் நூறு பேரில், அது கட்டுக்குள் வந்திருப்பவர்கள் ஏழு பேர் சொச்சமே. பாக்கியுள்ளவர்களில் பலருக்குத் தமக்கு வியாதி இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பலர் மருந்தை ஆரம்பித்து, உடம்பு சரியாகிவிட்டது என்று தாமே தீர்ப்புக் கூறி நிறுத்திவிடுகிறார்கள். எத்தனையோ பெரிய ஆஸ்பத்திரிகளைக் கட்டியிருக்கிறோம்; மூளையைத் திறந்து ரத்தக் கட்டை எடுக்கும் நிபுணர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். ஒரு பட்டையைக் கையில் கட்டி, ஒரு மாத்திரையைத் தினமும் விழுங்கச் செய்ய நம்மால் இயலவில்லை.

இந்தக் குறையை உணர்ந்து 2021-ம் வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி, கிருஷ்ணகிரி ஜில்லாவில் சாமனப்பள்ளி என்ற கிராமத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தைத் தமிழ்நாட்டுச் சர்க்கார் தொடங்கினர். சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண்கள் பயிற்சி பெற்று, வீடு வீடாகச் சென்று அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து, நோயுள்ளவர்களுக்கு மருந்தை வீட்டிலேயே கொடுக்கிறார்கள். எந்தக் கட்சி செய்தது என்று பார்த்துப் பாராட்டுவதோ தூற்றுவதோ நம் நண்பர்களுக்குப் பழக்கமாயிற்று. நாம் அதில் இறங்கப் போவதில்லை. தத்துவம் சரியானது என்றே சொல்லுவோம். கூலிவேலைக்காரன் ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்கமாட்டான். ஆகையால் மருந்து அவனிடம் போகவேண்டியதுதான். ஆனால் அந்தப் பெண்கள் பகலில் வரும்போது வீட்டிலிருப்பவர்கள் வயோதிகர்களும் பெண்களுமே. நாற்பது வயது ஆண்பிள்ளை கடையிலோ, காரியாலயத்திலோ, கட்சி ஆபீசிலோ இருக்கிறான். நம் நேயர்களிற் பெரும்பாலோர் அந்த வயதும் அந்த வர்க்கமும் என்பதை மறக்கலாகாது.

இவ்வளவு சொன்ன பிறகு, மறுதரப்பு வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடக் கடமைப்பட்டிருக்கிறோம். இன்று பட்டணங்களில் முழுத் தேகப் பரிசோதனை என்று ஐயாயிரத்துக்கும் பதினாயிரத்துக்கும் தட்டு தட்டாக விற்கிறார்கள். பிறந்த நாள் பரிசாக வாங்கிக் கொடுப்பவர்களும் உண்டு. இப்படிச் சகலத்தையும் ஒரேயடியாகப் பார்த்துக்கொள்வதால் ஆயுள் நீடிக்கிறதா? கோக்ரேன் என்ற சர்வதேச ஆராய்ச்சி ஸ்தாபனம், இரண்டரை லட்சம் பேரைக் கொண்ட 17 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து 2019-ல் சொன்ன முடிவு, பொதுவான பரிசோதனைகளால் மரணங்கள் அநேகமாகக் குறையவில்லை என்பதே. அச்சோதனைகளிற் பெரும்பாலானவை மேல்நாடுகளில் பழைய நாட்களில் நடந்தவை. அங்கே ஜனங்கள் வேறு காரணமாக வைத்தியரிடம் போகும்போதே அழுத்தத்தைப் பார்த்துவிடுவார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஆயினும் தீர்ப்பை மறைக்க நமக்கு உரிமையில்லை.

தேவையற்றதைத் தேடுவதில் தீங்கும் உண்டு. தென்கொரியாவில் புற்றுநோய்ப் பரிசோதனைக்குச் சென்றவர்களுக்குக் கூடுதலாகச் சிறிது கட்டணத்தில் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியையும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். விளைவு, 1993-ல் கண்டுபிடித்ததைப்போல் 15 மடங்கு தைராய்டு புற்றுநோயை 2011-ல் கண்டுபிடித்தார்கள். அந்நோயால் இறப்பவர் தொகை மட்டும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஆயுள் முழுவதும் ஒன்றும் செய்யாமல் கிடந்திருக்கக்கூடிய கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானவர்கள் கழுத்தை அறுத்துக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் மாத்திரைக்கு அடிமையானார்கள். ஆகையால் நாம் வேண்டுவது சகலத்தையும் பார்க்கும் ஜாதகப் பரிசோதனையன்று. கண்டுபிடித்தால் செய்வதற்குத் திட்டமான சிகிச்சை இருக்கிறது, அச்சிகிச்சை உயிரைக் காப்பது நிரூபணமாகியிருக்கிறது என்ற சில வியாதிகளை மட்டும், குறித்த காலத்தில், தவறாமல் பார்ப்பதே.

அவ்வாறான ஒன்று நம் நாட்டிலேயே, திண்டுக்கல் ஜில்லாவிலே நிரூபிக்கப்பட்டது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் நம் தாய்மார்களைக் கொல்லும் வியாதிகளில் முக்கியமானது. அது புற்றாக மாறுவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே கண்ணுக்குத் தெரியும் மாறுதலை உண்டாக்குகிறது. 2000-ம் வருஷம் முதல், ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையிலிருந்து புறப்பட்ட பயிற்சி பெற்ற நர்சுகள், 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமத்துப் பெண்களைப் பார்த்தார்கள். கருவி, நீர்த்த காடிதான். அதைத் தடவி ஒரு நிமிஷம் காத்திருந்தால், கெட்ட இடம் வெளுத்துக் காட்டும். தகுதியானவர்களுக்கு அந்த இடத்தை அங்கேயே குளிரால் உறைய வைத்து அழித்துவிட்டார்கள். அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தார்கள். 2006 வரையில் தொடர்ந்து கணக்கெடுத்து 2007-ல் வெளியிட்டபோது, பரிசோதனை நடந்த கிராமங்களில் அந்நோய் நூற்றுக்கு 25-ம், அதனால் நேர்ந்த மரணம் நூற்றுக்கு 35-ம் குறைந்திருந்தன. பெரிய ஆஸ்பத்திரி வேண்டியிருக்கவில்லை. வெளிநாட்டு யந்திரம் வேண்டியிருக்கவில்லை. திருவனந்தபுரத்தில் புகையிலையோ மதுவோ பழகியவர்களின் வாயைத் திறந்து பார்த்தே, வாய்ப் புற்றுநோய் மரணத்தை அவர்களிடையே சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள். அம்முடிவு 2005-ல் வெளியாயிற்று.

திண்டுக்கல் கணக்கில் வராதிருந்த பெண்கள் ஏறக்குறைய பதினெண்ணாயிரம் பேர் என்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். ஏன் வரவில்லை? வெட்கம் ஒன்று, பயம் ஒன்று, வீட்டு ஆண்பிள்ளை எதற்கு என்று கேட்டிருப்பார் என்பதும் ஒன்று. இங்கே நம் நண்பர்களிடம் நேராகவே பேசுகிறோம். ஸ்திரீகள் முன்னேற்றத்தைப் பற்றி மேடையில் மணிக்கணக்கில் பிரசங்கம் செய்யும் நாம், நமது வீட்டில் முப்பது வயது தாண்டிய பெண்களில் யார் இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் என்று சொல்ல முடியுமா? ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது செய்யப்படுகிறது. அழைத்துப்போக ஒரு முற்பகல் போதும்.

அழுத்தத்தைப் பொறுத்தவரையில் முப்பது வயதானவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். சர்க்கரையையும் அப்போதே பார்த்துவிடலாம். காப்பி குடித்தோ, சிகரெட் பிடித்தோ, படி ஏறியோ உடனே கையை நீட்டினால் எண் பொய் சொல்லும். அரை மணி பொறுத்து, நாற்காலியில் சாய்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிஷம் பேசாமலிருந்து, கையை இருதய மட்டத்தில் மேஜைமேல் வைக்க வேண்டும். நம் ஊழியர்களுக்கு ஐந்து நிமிஷம் பேசாமலிருப்பதுதான் இதில் கஷ்டமான பாகம். ஒருமுறை அதிகமாயிருந்தால் உடனே நடுங்க வேண்டாம். வேறு நாட்களிலும் பார்த்த பிறகே முடிவு. முடிவானால், உப்பைக் குறைப்பதும் நடப்பதும் புகையை விடுவதும் அவசியம். தினம் ஐந்து கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று நாம் அதை எங்கெங்கோ மறைத்து உண்கிறோம். மாத்திரை கொடுத்தால் எண் இறங்கிய பிறகும், வைத்தியர் சொல்லாமல் நிறுத்தலாகாது. மாத்திரையினால்தான் எண் இறங்கியிருக்கிறது.

பிறருக்கு உபதேசிக்கும் இக்கட்டுரையை எழுதுமுன் நாம் என்ன செய்தோம் என்று நேயர்கள் கேட்பது நியாயம். நாம் கடைசியாகப் பார்த்துக்கொண்டது எப்போது என்று நினைவுக்கே வரவில்லை. சென்ற மாதம் ஒரு காலை வேளையில் நம் பேட்டையிலுள்ள சர்க்கார் சுகாதார நிலையத்துக்குச் சென்றோம். அங்கிருந்த நர்சம்மாள் ஒருமுறை பார்த்தார், பிறகு மறுமுறை பார்த்தார். “சார், போன தடவை எவ்வளவு இருந்தது?” என்றார். போன தடவை என்பதே இல்லையென்று சொல்ல நமக்கு வெட்கமாயிருந்தது. 156-க்கு 98. ஒரு வாரம் கழித்து 152-க்கு 96. நாம் சிகரெட் பிடிப்பதில்லை. நமக்கு ஒரு வலியும் இல்லை. நாற்பத்தாறு வயதுதான் ஆகிறது என்றெல்லாம் வாதாடிப் பார்த்தோம். அந்த அம்மாள் இம்மாதிரி வக்கீல்களை நிறையப் பார்த்தவர் போலிருக்கிறது. டாக்டரிடம் அனுப்பினார், இப்போது இரவில் ஒரு மாத்திரை.

நமது காரியாலயத்துக்கும் ஒரு கருவி வாங்கியிருக்கிறோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, அந்த நர்சம்மாள் தம் ஓய்வு நேரத்தில் வந்து எல்லோருக்கும் பார்த்துச் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் சனிக்கிழமை பதினொரு பேர் கையை நீட்டினார்கள். நால்வருக்கு அதிகம். அவர்களில் ஒருவருக்கு முப்பத்து நான்கு வயது. செய்தி சேகரிக்கும் பகுதியில் மிகவும் சுறுசுறுப்பானவர். மறுநாளே டாக்டரைப் பார்ப்பதாகச் சொன்னார். தேர்தல் கூட்டங்கள் முடியட்டும் என்று இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கத்தை அவரும் படிப்பார்.